கரோக்கே அறையில் பாட்டு மாட்டிக்கொண்டால்: ஜப்பானியப் பாட்டுத் தேர்வும் தலைப்பு விளையாட்டும்

ஜப்பானில் கரோக்கேவுக்கு மேடை கிடையாது, அறைதான். நாலைந்து பேர் நெருக்கி உட்காரும் சின்ன அறை, அரை மணிக்கு இவ்வளவு என்று வாடகை, ஆளுக்கு ஒரு பானம், மேசைமேல் இரண்டு மைக், தொடுதிரையுள்ள ஒரு பலகை. அந்தப் பலகையில் ஒரு பாட்டைத் தொட்டு அனுப்பிவிட்டால், அடுத்த நான்கு நிமிடம் அறையில் இருக்கிற எல்லாரும் உங்கள் கையில்.

நான் இங்கே வேலைக்கு வந்த முதல் வருடம், அலுவலக விருந்து முடிந்து ஒரு கரோக்கே அறைக்கு அழைத்துப்போனார்கள். ரயிலில் தினமும் கேட்டுக்கொண்டிருந்த ஒரு பாட்டைத் தேர்ந்தெடுத்தேன். ஒவ்வொரு வரியும் தெரியும் என்று நினைத்திருந்தேன். இரண்டாவது வரியிலேயே எழுத்து ஓடிப்போனது, பல்லவியில் குரல் ஏறவில்லை. காதுக்குப் பிடித்த பாட்டு வேறு, தொண்டைக்கு வருகிற பாட்டு வேறு என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. மைக்கைப் பிடித்தபின் வருகிற தொல்லைகளில் பெரும்பாலானவை பலகையில் விரல் வைக்கும்போதே தொடங்கிவிடுகின்றன. அதனால் இங்கே ஒவ்வொரு அறிகுறிக்கும், அது தேர்வில் எங்கே பிசகியது என்பதையும் சேர்த்துச் சொல்கிறேன்.

அறிகுறி: பாட்டைத் தேடினால் வரவே இல்லை

முதலில் எந்த இயந்திரம் என்று பாருங்கள். இங்கே பெரியவை இரண்டு: டாம், ஜாய்சவுண்ட். டாமின் பலகைக்கு டென்மொக்கு என்று பெயர், ஜாய்சவுண்டின் பலகைக்குக் கியொக்குநாபி. பேச்சில் இரண்டையுமே டென்மொக்கு என்று சொல்கிறவர்கள் உண்டு. இரண்டின் பாட்டுப் பட்டியலும் ஒன்றல்ல. அனிமே பாட்டு, இணையத்தில் பிறந்த பாட்டு, அதிகம் அறியப்படாத குழுக்களின் பாட்டு என்றால் ஒன்றில் இருந்து மற்றதில் இல்லாமல் போகும். பல கடைகளில் வரவேற்பு மேசையிலேயே எந்த இயந்திரம் வேண்டும் என்று கேட்பார்கள். அந்தக் கேள்விக்கு ‘எதுவானாலும் சரி’ என்று சொல்லாமல், பாட வேண்டிய பாட்டு எதில் இருக்கிறது என்று முன்னாலேயே கைப்பேசியில் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள்.

இயந்திரம் சரி என்றால், அடுத்த சந்தேகம் நீங்கள் எழுதி வைத்திருக்கும் தலைப்பின் மேல் வரவேண்டும். இது தமிழர்களுக்கே உரிய சிக்கல். நாம் பாட்டுப் பெயர்களைத் தமிழ் எழுத்தில் குறித்துக்கொள்கிறோம். தமிழில் க என்ற ஒரே எழுத்து, காக்கையின் ஒலிக்கும் தங்கத்தின் ஒலிக்கும் சேர்த்து வேலை செய்கிறது. ஜப்பானியத்தில் அவை இரண்டும் தனித்தனி. ஹிராகானா என்ற ஜப்பானிய ஒலியெழுத்தில் அடிப்படை எழுத்து ஒன்றுதான், ஆனால் அழுத்தி ஒலிக்கும்போது தலைமேல் இரண்டு சின்னக் கோடு விழும். லிசா பாடிய 2019ஆம் ஆண்டுப் பாட்டு ‘குரெங்கே’. அதன் முதல் எழுத்து ‘குருவி’யின் கு அல்ல, ‘அங்கு’ என்பதில் வருகிற கு. தமிழில் எழுதிப் படித்தால் அது தெரியாது. பலகையில் கோடு போடாமல் தட்டினால் வேறு அலமாரிக்குப் போய்விடுவீர்கள். ‘கனாதே’ என்ற 2004ஆம் ஆண்டுப் பாட்டும் அப்படித்தான்: முதல் எழுத்து காக்கையின் க, கடைசி எழுத்து ‘சந்தேகம்’ என்பதில் வரும் தே.

மாற்று வழி ஒன்றுதான். குறிப்பேட்டில் தலைப்பை ஹிராகானாவிலேயே எழுதிக்கொள்ளுங்கள். அடிப்படை எழுத்து 46 மட்டுமே. தமிழின் 247 எழுத்தைப் படித்து வந்தவர்களுக்கு இது பெரிய வேலை இல்லை. குறில் நெடில் வேறுபாடு நமக்கு ஏற்கெனவே காதில் இருக்கிறது என்பதால் ஒ-ஓ, எ-ஏ குழப்பம் மற்ற வெளிநாட்டவர்களைவிட நமக்குக் குறைவு.

அப்புறம் காஞ்சி, அதாவது சீனத்திலிருந்து வந்த பொருளெழுத்து. தலைப்பு ஒரே ஒரு காஞ்சியாக இருந்தால் உஷார். எக்ஸ் என்ற ராக் குழுவின் 1989ஆம் ஆண்டுப் பாட்டு, ‘செம்மை’ என்று பொருள்படும் ஒற்றைக் காஞ்சி. அதே எழுத்தை உதட்டுச்சாயத்துக்கு ‘பெனி’ என்றும் படிப்பார்கள். பாட்டுக்கு அது ‘குரெனாய்’. லிசாவின் 2020ஆம் ஆண்டுப் பாட்டு ‘தீச்சுடர்’ என்ற காஞ்சி. அன்றாடப் பேச்சில் ‘ஹொனோ’, தலைப்பாக ‘ஹொமுரா’. அகராதியைப் பார்த்து அடித்தால் கிடைக்காது.

இவ்வளவும் செய்தும் வரவில்லையா? பாடகர் பெயரால் தேடுங்கள். அனிமே பாட்டென்றால் அந்தத் தொடரின் பெயரால் தேடுங்கள். புதிய பலகைகளில் ஆங்கிலத் திரைக்கு மாற்றும் வசதியும் இருக்கிறது. ஆனால் அதை நம்பிப் பழகிவிட்டால், கீழே சொல்லப்போகிற தலைப்பு விளையாட்டில் கஷ்டப்படுவீர்கள்.

அறிகுறி: தேடினால் ஒரே பெயரில் பத்துப் பாட்டு வருகிறது

‘சாகுரா’ என்று தட்டிப் பாருங்கள். மொரியாமா நாவோதாரோ 2003இல் ஒன்று, கெட்சுமெய்ஷி 2005இல் ஒன்று, அதே ஆண்டில் கொபுகுரோ ஒன்று, இகிமோனோகாகாரி 2006இல் ஒன்று. இவை பிரபலமானவை மட்டும். வசந்தமும் பள்ளிப் பிரிவும் செர்ரிப்பூவும் ஒன்றாக வருகிற நாட்டில் இந்தத் தலைப்பு தீராது. பாடகர் பெயரையும், பட்டியலில் சின்ன எழுத்தில் காட்டும் தொடக்க வரியையும் பார்த்துவிட்டு அனுப்புங்கள்.

ஒரே பாட்டு மூன்று முறை இருந்தால், பக்கத்தில் உள்ள அடையாளத்தைப் படியுங்கள். ‘ஹொன்னின்’ என்றால் அந்தப் பாடகரின் சொந்தப் படம் திரையில் வரும். ‘நமாஓதோ’ என்றால் பின்னணியில் உண்மையான வாத்தியங்கள். முதல் முறை பாடுகிறவர்களுக்குச் சாதாரண வடிவமே நல்லது, கண் எழுத்தை விட்டு நகராது.

அறிகுறி: பல்லவி வந்ததும் குரல் உடைகிறது

ஜப்பானியப் பாட்டின் அமைப்பை முதலில் பிடித்துக்கொள்ள வேண்டும். ஏ-மெலோ, பி-மெலோ, ஸாபி என்று மூன்றாகப் பிரிப்பார்கள். ஏ-மெலோ பேச்சு மாதிரி கீழே நடக்கும், பி-மெலோ மெல்ல ஏறும், ஸாபி உச்சி. நம் பாட்டில் பல்லவி முதலிலேயே வந்து, இதுதான் இந்தப் பாட்டின் உயரம் என்று சொல்லிவிடும். இங்கே ஒரு நிமிடம் கழித்துத்தான் தெரியும். தொடக்கம் சுகமாக இருக்கிறதே என்று நம்பிப் பாடுகிறோம், ஸாபியில் மாட்டிக்கொள்கிறோம்.

ஆகவே ஒரு பாட்டு உங்களுக்கு ஒத்துவருமா என்று பார்க்க, தொடக்கத்தைப் பாடிப் பார்க்காதீர்கள். கடைசி ஸாபியைப் பாடிப் பாருங்கள். சில பாட்டுகளில் கடைசி ஸாபி முன்னதைவிட மேலே போகும், சுருதியே மாறும். யோஅசோபியின் ‘யோரு நி காகெரு’ அப்படித்தான், முடிவில் சுருதி மாறிக்கொண்டே போகும். வேகம் வேறு. இரண்டு வருடம் பழகியவர்களே மூச்சு வாங்குகிற பாட்டு அது. ஆண்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும். கடந்த பத்துப் பதினைந்து வருடமாக இங்கே ஆண் பாடகர்கள் மிக உயரத்தில் பாடுகிறார்கள். ‘ஆண் பாடியதுதானே, நமக்கும் வரும்’ என்று எடுத்தால் வராது. ஹிகெதான் என்று சுருக்கமாக அழைக்கப்படும் குழுவின் ‘பிரிடெண்டர்’ 2019இல் வந்தது. ஸாபியில் அவ்வளவு மேலே போகும்.

சரி, ஆசைப்பட்ட பாட்டை விடவே முடியாது என்றால் சுருதியைக் குறையுங்கள். பலகையில் ‘கீ’ என்று கூட்டல் கழித்தல் பொத்தான் இருக்கும். ஒரு தட்டு, நம் கணக்கில் ஏறக்குறைய அரைக்கட்டை. இரண்டு, மூன்று தட்டு கீழே இறக்கினால் பெரும்பாலும் போதும். அதற்கு மேல் இறக்கும்போது ஏ-மெலோ கேட்காத ஆழத்துக்குப் போய்விடுகிறதா என்று பாருங்கள். மேலே எட்டாமல் இருப்பது எல்லாருக்கும் தெரிகிறது. கீழே எட்டாமல் போவது பாடுகிறவருக்கே தெரியாது, அறையில் இருப்பவர்களுக்கு வெறும் முணுமுணுப்பாகக் கேட்கும்.

பெண் பாடிய பாட்டை ஆண் பாடும்போது ஒரு வழி உண்டு. கச்சேரியில் ஆண்கள் ஒரு கட்டை, ஒன்றரைக் கட்டையில் பாடுவதும் பெண்கள் ஐந்து, ஐந்தரையில் பாடுவதும் நமக்குத் தெரியும். அந்த இடைவெளியை நினைத்துக்கொள்ளுங்கள். ஐந்தாறு தட்டு இறக்கிப் பாடலாம். இல்லையென்றால் ஒரு ஸ்தாயி கீழே எடுத்துக்கொண்டு, அது மிகத் தாழ்வாக விழுவதால் நான்கைந்து தட்டு மேலே ஏற்றலாம். இரண்டாவது வழி பலருக்குத் தோன்றுவதே இல்லை. நான் பெண் பாடகர்களின் பாட்டைப் பாட ஆரம்பித்தது அதற்குப் பிறகுதான். மாற்றியது சரிவரவில்லை என்றால் ‘கெங்கியொக்கு கீ’ என்ற பொத்தான், பாட்டின் அசல் சுருதிக்குத் திரும்பக் கொண்டுபோகும்.

அறிகுறி: சுருதி சரி, ஆனால் வாய் எழுத்துக்குப் பின்னால் ஓடுகிறது

படிக்கிற வேகம் போதவில்லை என்று உடனே முடிவு கட்டாதீர்கள். திரையில் காஞ்சிக்கு மேல் ஹிராகானா போட்டிருப்பார்கள், எழுத்து நிறம் மாறிக்கொண்டே போகும். அதைப் பார்த்தும் தவறுகிறதென்றால், பெரும்பாலும் மாத்திரைக் கணக்குதான் காரணம்.

தமிழ் இலக்கணத்தில் குறிலுக்கு ஒரு மாத்திரை, நெடிலுக்கு இரண்டு, மெய்க்கு அரை. ஜப்பானியத்தில் குறில் நெடில் கணக்கு அப்படியே நம்முடையது. மெய்யில்தான் வேறுபாடு. அவர்களுடைய ‘ன்’ முழு ஒரு மாத்திரை. வார்த்தை நடுவே ஒற்று இரட்டித்தால் அந்த ஒற்றும் முழு ஒரு மாத்திரை. நாம் ‘லெமன்’ என்பதை இரண்டு அசையாகச் சொல்வோம். அவர்கள் ‘லெ-மொ-ன்’ என்று மூன்றாகச் சொல்வார்கள், பாட்டில் அந்த ‘ன்’ தனி ஸ்வரத்தில் நிற்கும். ‘சப்போரோ’ என்ற ஊர்ப் பெயர் நான்கு: ச-ப்-பொ-ரொ. தோக்கியோ நான்கு: தொ-ஒ-க்யொ-ஒ. ‘கரோக்கே’ என்று நாம் மூன்றாக விழுங்குவதும் அவர்களுக்கு க-ர-ஒ-கெ, நான்கு. நாம் அரை மாத்திரையில் தாண்டிவிடுகிற இடத்தில் பாட்டு ஒரு மாத்திரை காத்திருக்கிறது. அதனால் நாம் முன்னே ஓடி, பின் நின்று, மறுபடி பிடிக்க முயன்று தடுமாறுகிறோம்.

பயிற்சி இது: பாட்டை நிறுத்திவிட்டு, முதல் வரியைத் தொடையில் தாளம் தட்டிக்கொண்டே சொல்லுங்கள். ஒவ்வொரு ஹிராகானாவுக்கும் ஒரு தட்டு. ‘ன்’னுக்கும் ஒரு தட்டு. இரண்டு வரி இப்படிச் சொன்னாலே பாட்டு இடத்தில் உட்கார்வது தெரியும்.

தேர்விலும் இதைப் பயன்படுத்துங்கள். முதல் சில மாதங்களுக்கு ஒரு ஸ்வரத்துக்கு ஒரு எழுத்து என்று நிதானமாக நடக்கிற பாட்டாக எடுங்கள். சகாமோதோ கியூ 1961இல் பாடிய ‘உஏ ஓ முயிதே அருகோ’ அதற்குச் சரியான தொடக்கம். 1963இல் அமெரிக்காவில் ‘சுகியாகி’ என்ற பொருத்தமில்லாத பெயரில் வெளியாகி முதலிடம் பிடித்தது அதுதான். நகஜிமா மியூகியின் ‘இதோ’ இன்னும் மெதுவானது, ஆணும் பெண்ணும் பாடுவார்கள். ‘செம்பொன்சாகுரா’ போன்ற வோகலாய்ட் பாட்டுகளை இப்போதைக்குத் தள்ளி வையுங்கள். கணினிக் குரலுக்காக எழுதப்பட்டவை அவை. மூச்சு வாங்கத் தேவையில்லாத பாடகிக்கு எழுதிய பாட்டை மூச்சு வாங்குகிறவர் பாடப் பல மாதப் பயிற்சி வேண்டும். வேகத்தைக் குறைக்கும் பொத்தானும் பலகையில் உண்டு, தனியாகப் பயிற்சி செய்யும்போது தயங்காமல் பயன்படுத்துங்கள். தனியாகக் கரோக்கே போவது இங்கே சாதாரணம். ‘ஹிதோகரா’ என்று அதற்குப் பெயரே இருக்கிறது.

அறிகுறி: நன்றாகப் பாடினேன், ஆனால் அறை அமைதியாகிவிட்டது

இதைத்தான் நான் அதிகம் யோசித்திருக்கிறேன். குரல் பிசகினால் எல்லாரும் கைதட்டி ஊக்கப்படுத்துவார்கள். பாட்டுத் தேர்வு பிசகினால் மரியாதையாக உட்கார்ந்திருப்பார்கள், அவ்வளவுதான்.

பாட்டின் பொருள் தெரியாமல் எடுப்பது முதல் காரணம். மெட்டை மட்டும் கேட்டு நாம் ஏமாந்துபோகிற பாட்டுகள் சில இருக்கின்றன. யோனெசு கென்ஷியின் ‘லெமன்’ 2018இல் வந்து எங்கும் ஒலித்தது, இறந்துபோன ஒருவரை நினைத்து ஏங்குகிற பாட்டு. ‘நதா சோசோ’ தாலாட்டு மாதிரி இருக்கும், மொரியாமா ரியோகோ காலமான தன் அண்ணனை நினைத்து எழுதியது. ‘யோரு நி காகெரு’ துள்ளலாக இருக்கும், அது எடுத்துக்கொண்ட சிறுகதை தற்கொலையைப் பற்றியது. இவற்றைப் பாடவே கூடாது என்பதில்லை, நண்பர்களோடு தாராளமாகப் பாடலாம். கல்யாண விருந்தைத் தொடர்ந்து வருகிற கூட்டத்தில் மட்டும் வேண்டாம். ஜப்பானியர்கள் கல்யாணத்தில் ‘பிரிதல்’, ‘முடிதல்’, ‘அறுதல்’ என்ற சொற்களையே தவிர்ப்பார்கள். நம் வீடுகளில் நல்ல காரியத்தன்று அபசகுனச் சொல் வரக்கூடாது என்று பாட்டி கண்டிப்பாரே, அதே மனம்தான்.

இரண்டாவது காரணம் வயது. அலுவலகக் கூட்டமென்றால் அறையில் ஐம்பத்தைந்து வயதுக்காரரும் இருபத்துமூன்று வயதுக்காரரும் இருப்பார்கள். அடோவின் ‘உஸ்ஸேவா’ இளைஞர்களுக்குப் பிடிக்கும். தலைப்பே ‘வாயை மூடு’ என்பது போன்ற வசவு. அதை மேலதிகாரி முன்னால் முதல் பாட்டாகப் பாடுவது சரியல்ல. வயது கலந்த அறையில் நான் இஷிகாவா சாயூரியின் ‘ட்சுகாரு கைக்கியோ ஃபுயுகெஷிகி’யைப் பரிந்துரைப்பேன், 1977இல் வந்தது. தோக்கியோவின் உஎனோவில் இரவு ரயில் ஏறி அவோமோரியில் இறங்கி, கப்பலில் வடக்கே போகிற ஒரு பெண்ணின் பாட்டு. 1988இல் கடலுக்கடியில் செய்கான் சுரங்கப்பாதை திறந்ததும் அந்த ரயில்வேக் கப்பல் நின்றுபோனது. அந்தக் கப்பலில் போனவர் யாராவது அறையில் இருந்தால், நீங்கள் பாடி முடித்ததும் ஒரு கதை கிடைக்கும். குரலை உடைத்துச் சுழற்றும் ‘கொபுஷி’தான், என்கா எனப்படும் இந்தப் பழைய பாணிப் பாட்டுக்கு உயிர். கமகம் கேட்டு வளர்ந்த காதுக்கு அது அந்நியமாக இராது.

மூன்றாவது, அடுத்தவரின் பாட்டை எடுத்துவிடுவது. ஒருவர் எப்போதும் பாடி அசத்துகிற பாட்டுக்கு ‘ஓஹாகோ’ என்று பெயர், பதினெட்டு என்ற எண்ணால் எழுதுவார்கள். கபூகி என்ற மரபு நாடகத்தின் நடிகர் இச்சிகாவா தஞ்ஜூரோவின் குடும்பம் தங்களுக்கே உரியவை என்று வகுத்துக்கொண்ட பதினெட்டு நாடகங்களிலிருந்து வந்த வழக்கு. பிரிவுத் தலைவரின் ஓஹாகோ எது என்று முன்கூட்டியே சக ஊழியரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள், அதைத் தொடாதீர்கள்.

நீளமும் கவனிக்க வேண்டியது. எட்டுப் பேர் இருக்கிற அறையில் ஆறு நிமிடப் பாட்டு நீளம்தான். முதல் சரணம் முடிந்ததும் நீங்களே நிறுத்திக்கொண்டால் யாரும் தப்பாக எடுத்துக்கொள்ள மாட்டார்கள்.

அறிகுறி: மதிப்பெண் ஏறவே மாட்டேன் என்கிறது

திரையில் ஓடும் கோடுகளோடு உங்கள் ஸ்வரம் எவ்வளவு பொருந்துகிறது என்பதுதான் அந்த இயந்திரத்துக்கு முக்கியம். உணர்ச்சிக்காக இழுத்தால், முன்னே பின்னே விட்டுப் பாடினால் குறையும். மதிப்பெண் வேண்டுமென்றால் நேரான, மெதுவான, நீண்ட ஸ்வரங்கள் உள்ள பாட்டாக எடுங்கள். கூட்டத்தோடு இருக்கும்போது மதிப்பெண் போடுவதை அணைத்துவிடுவதே எனக்குப் பிடிக்கும்.

அறிகுறி: தலைப்பு விளையாட்டில் முதல் சுற்றிலேயே வெளியே போகிறேன்

பாட்டு சலித்துப்போகும் நேரத்தில் யாராவது ‘கியொக்குமெய் ஷிரிதோரி’ என்பார்கள். ஷிரிதோரி என்றால் வாலைப் பிடிப்பது. ஒரு பாட்டின் தலைப்பு எந்த எழுத்தில் முடிகிறதோ அந்த எழுத்தில் தொடங்கும் பாட்டை அடுத்தவர் சொல்ல வேண்டும், சொன்னதைப் பாடவும் வேண்டும். அந்தாதியும் பாட்டுக்குப் பாட்டும் தெரிந்த நமக்கு விதி ஒரு நொடியில் விளங்கும். விளங்கியதாலேயே தோற்போம், ஏனென்றால் ஒரு முக்கிய விதி நேர் எதிர்.

நம் விளையாட்டில் ன் என்று முடிந்தால் ‘ந’ வைத்துப் பாடு என்று விட்டுவிடுவோம். ஜப்பானியத்தில் ‘ன்’ என்று முடிகிற தலைப்பைச் சொன்னவர் அங்கேயே தோற்றார். அந்த எழுத்தில் சொல் தொடங்குவதில்லை என்பதுதான் காரணம். ‘லெமன்’ என்று வாய் திறந்தால் ஆட்டம் முடிந்தது. 2005இல் வந்த ‘ஸென்ரியொக்கு ஷோனென்’, 1975இல் வந்த ‘ரூஜு நோ தெங்கொன்’ இரண்டும் இதே பொறிதான். ஜப்பானியத்தில் ன் ஈற்றுச் சொல் ஏராளம். அதனால் ஒரு தலைப்பு மனதில் வந்ததும் அதன் முதல் எழுத்தைப் பார்க்காதீர்கள், கடைசி எழுத்தைப் பாருங்கள்.

அறிகுறி: கடைசி எழுத்து எது என்பதில் சண்டை வருகிறது

ஆட்டத்துக்கு முன்னால் பேசி வைக்காததால் வருவது. பேச வேண்டியவை சில உண்டு. மட்சுதா செய்கோவின் 1982ஆம் ஆண்டுப் பாட்டு ‘அகாய் ஸ்வீட்டொபீ’. கடைசியில் நீட்டல் குறி. அடுத்தவர் ‘பி’யில் தொடங்க வேண்டுமா, நீட்டலில் ஒலிக்கும் ‘இ’யிலா? இரண்டு வழக்கும் உண்டு, ஊருக்கு ஊர், வீட்டுக்கு வீடு மாறும். எனக்கு இரண்டையும் அனுமதிப்பதுதான் பிடிக்கும், ஆட்டம் நீளும்.

துணைத்தலைப்பு உள்ள பாட்டு இன்னொரு தகராறு. மட்சுபாரா மிகியின் 1979ஆம் ஆண்டுப் பாட்டு ‘மயோனாகா நோ தோஆ’, அதன் பின்னால் ஆங்கிலத்தில் ஒரு வால். வாலைச் சேர்த்தால் கடைசி எழுத்து வேறு, சேர்க்காவிட்டால் வேறு. சேர்ப்பதில்லை என்று வைத்துக்கொள்வது எளிது. ஆங்கிலத் தலைப்பை எப்போதும் கதகானாவில், அதாவது அயல்சொற்களுக்கான ஒலியெழுத்தில், படிக்கிற மாதிரி எடுங்கள். சந்தேகம் வந்தால் பலகையே நடுவர்: பாட்டு எந்த எழுத்தின் கீழ் வருகிறதோ அதுதான் அதன் வாசிப்பு.

பெரிய சறுக்கல் அழுத்த ஒலியில் இருக்கிறது. தலைமேல் கோடு உள்ள எழுத்தில் முடிந்தால், கோட்டை எடுத்துவிட்டுத் தொடங்கலாம் என்று பல குழுக்களில் சலுகை தருவார்கள். கா-வரிசை, தா-வரிசையில் நமக்கு இது இயல்பு, ஒரே எழுத்துதானே. ‘பம்பரம்’ என்ற சொல்லைச் சொல்லிப் பாருங்கள்: முதல் ப ஒரு ஒலி, இரண்டாவது ப அழுத்த ஒலி. தமிழ் மனம் இரண்டையும் ஒரே எழுத்தாகப் பார்க்கிறது. ஜப்பானியத்தில் அந்த அழுத்த ஒலிக்கு அடிப்படை எழுத்து ஹ. கோட்டை எடுத்தால் ஹ-வுக்குத்தான் போகும். நாகபுச்சி ட்சுயோஷியின் ‘தொம்போ’ 1988இல் வந்தது. அது முடிகிற ‘போ’விலிருந்து ‘ஹோ’வுக்குப் போய் ‘ஹொமுரா’ என்று சொல்லலாம். இதைத் தெரிந்துகொண்ட நாளிலிருந்து எனக்குக் கையில் இரண்டு மடங்கு பாட்டு.

சங்கிலி எப்படி ஓடும் என்று ஒன்று பாருங்கள்: ‘இதோ’, அதிலிருந்து ‘தொம்போ’, சலுகையில் ‘ஹொமுரா’, அடுத்து 1991இல் வந்த ‘ரபு ஸ்தோரீ வா தொட்சுஸென் நி’, அதிலிருந்து 2014இல் ஆயாகா பாடிய ‘நிஜிஇரோ’. ஐந்து பாட்டில் 1990களின் தொலைக்காட்சித் தொடரும் அனிமேவும் வந்துவிட்டன. இங்கே ரபு என்றால் ‘லவ்’. ல, ர இரண்டுக்கும் அவர்களிடம் ஒரே வரிசை.

அறிகுறி: ‘ரு’ வந்தால் தலை வெறுமையாகிறது

இது உங்கள் நினைவாற்றல் குறை இல்லை. வினைச்சொற்கள் பலவும் ரு என்று முடிகின்றன, அதனால் அந்த எழுத்தில் முடிகிற தலைப்பு நிறைய. ‘யோரு நி காகெரு’வும் ‘அய்தொரு’வும் (ஆங்கில ‘ஐடல்’) அப்படியே. தொடங்குவதோ அபூர்வம், ஏனென்றால் ஜப்பானியத்தின் சொந்தச் சொற்கள் ர-வரிசையில் தொடங்குவதில்லை. தமிழிலும் ர மொழிமுதல் வராது. இராமன், அரங்கம், உரோமம் என்று முன்னால் ஒரு உயிரைச் சேர்த்துக்கொண்டோம். ஆகவே அங்கே ர-வில் தொடங்குவது எல்லாம் சீனத்திலிருந்தோ மேற்கிலிருந்தோ வந்த சொல். அந்தத் திசையில் யோசித்தால் பாட்டு கிடைக்கும். தெராவோ அகிராவின் ‘ரூபீ நோ யுபிவா’, 1981: ரூபீ என்றால் மாணிக்கம், மேற்கிலிருந்து வந்த சொல், முடிவது ‘வா’. மட்சுதா செய்கோவின் ‘ருரிஇரோ நோ சிக்யூ’, 1986: ருரி சீன வழிச் சொல், முடிவது ‘உ’. இந்த இரண்டையும் பத்திரமாக வைத்திருங்கள், சும்மா செலவழிக்காதீர்கள். ‘ரூஜு’ என்று அவசரத்தில் ஆரம்பித்தால் மேலே சொன்ன ‘ன்’ பொறி காத்திருக்கிறது.

‘ஸெ’யும் இதே மாதிரி. 1995இல் வந்த இவாங்கெலியன் அனிமேயின் பாட்டு ‘ஸான்கொகு நா தென்ஷி நோ தேஸெ’ அந்த எழுத்தில் முடியும். அதற்கு 2016இல் வந்த ‘ஸென்ஸென்ஸென்செ’ பதில். எல்லாரும் தேடுவதும் அதையே என்பதால், உங்களுக்கு முன்னால் ஒருவர் எடுத்துவிட்டால் அழுத்தக் கோட்டை எடுத்து ‘செ’க்குப் போங்கள்.

அறிகுறி: தலைப்பு தெரிகிறது, பாடத் தெரியவில்லை

தெரியாததைச் சொல்லிவிட்டு மைக்கோடு நிற்பதைவிட, ஆட்டத்துக்கு முன்னாலேயே ‘ஸாபி மட்டும் பாடினால் போதும்’ என்று ஒப்புக்கொள்ள வையுங்கள். பெரும்பாலும் சம்மதிப்பார்கள். வீட்டில் ஐம்பது எழுத்து அட்டவணை ஒன்றை எடுத்து, கட்டத்துக்கு ஒரு பாட்டாக, பாட வருகிற பாட்டை மட்டும் நிரப்பிக்கொண்டே வாருங்கள். எனக்கு அது நிரம்ப ஒரு வருடம் ஆனது. சில கட்டங்கள் இன்னும் காலி.

அறிகுறி: சுவரில் தொலைபேசி அடிக்கிறது

நேரம் முடியப் பத்து நிமிடம் இருக்கிறது என்று சொல்கிறார்கள். நீட்டிக்க வேண்டாம் என்றால் எல்லாரும் பாடக்கூடிய ஒன்றைப் போடுங்கள். 2003இல் வந்த ‘செகாய் நி ஹிதொட்சு தகெ நோ ஹானா’வை அறையில் பாதிப் பேருக்கு மனப்பாடமாகத் தெரியும். நேரம் அதற்கும் போதாதென்றால் ‘உஏ ஓ முயிதே அருகோ’வுக்கு மூன்று நிமிடம்தான். அது ‘உ’வில் தொடங்கி, ஹிராகானாவில் எழுதினால் ‘உ’விலேயே முடியும். விளையாட்டு பாதியில் நின்றிருந்தால், அடுத்த முறை அந்த ‘உ’விலிருந்து தொடங்கலாம்.